பனி என்று சொல்லாதவர்

விடிந்ததும் துர்சுன்பாய் பீரங்கிக்கு இருபதடி முன்னால் போய் நின்று வலக்கையை நீட்டிப் பிடித்துக்கொள்கிறார். பீரங்கி என்றால் சண்டைக்கானது இல்லை. தண்ணீரைப் பொடிப்பொடியாக்கிக் குளிர்காற்றில் ஊதி, தரையில் வெள்ளையாக விழவைக்கும் பெரிய விசிறிக் குழாய். அவருடைய கறுப்புக் கோட்டின் கையில் வந்து விழும் துகள்கள் துள்ளித் தெறித்தால் பதம் சரி. ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம். சில நாள் ஒரு துகளை நாக்கில் வைத்தும் பார்ப்பார். அதில் என்ன தெரியும் என்று அவர் சொன்னதில்லை, கேட்கிற துணிச்சலும் யாருக்கும் வந்ததில்லை.

"மாவு இன்னிக்கு ஈரம்! தண்ணியக் குறை!" என்று பம்பு அறைப் பக்கம் திரும்பிக் கத்துகிறார். பம்பு அறையில் ஆள் கிடையாது. அவரேதான் நடந்து போய்க் குறைத்துவிட்டு, திரும்பி வந்து மறுபடி கையை நீட்டவேண்டும்.

கோக்ஜார் பனிச்சறுக்கு விடுதியில் பதினொரு வருடமாகச் செயற்கைப் பனி போடுவது இவர் வேலை. சம்பளப் பட்டியலில் இவர் பெயருக்கு நேரே 'பனி இயக்குநர்' என்று இருக்கிறது. ஆனால் தாம் போடுவதைப் பனி என்று இவர் ஒருநாளும் சொன்னதில்லை. "வானத்துலேந்து விழுந்தா பனி. குழாய்லேந்து விழுந்தா மாவு. இதுல சந்தேகம் என்ன வேண்டிக்கிடக்கு?" என்பார். வயது ஐம்பத்தேழு. தாடி நரைத்துவிட்டது, அல்லது அது மாவாகவும் இருக்கலாம்.

பம்பு அறை வாசலில் இரண்டு வெப்பமானிகள் தொங்குகின்றன. ஒன்று சும்மா தொங்கும். இன்னொன்றின் குமிழில் அவருடைய பழைய உள்சட்டைக் கிழிசலை நனைத்துச் சுற்றியிருப்பார். குளிர் மட்டும் இருந்தால் போதாது, காற்று காய்ந்தும் இருக்கவேண்டும். ஈரத்துணி சுற்றியது பூஜ்யத்துக்குக் கீழே மூன்றைத் தாண்டி இறங்கினால்தான் பீரங்கிக்கு வேலை. இதையே அளந்து சொல்ல நிர்வாகம் ஜெர்மனியிலிருந்து ஒரு கருவி வாங்கிப் போட்டிருக்கிறது. கருவியும் கிழிசலும் ஒரே எண்ணைக் காட்டும் நாட்களில், "பரவால்ல, மெஷின் ஒழுங்கா வேலை செய்யுது" என்று துர்சுன்பாய் அதற்குச் சான்றிதழ் கொடுப்பார்.

பீரங்கிகள் நான்கு. மலைக்கே கேட்கிற மாதிரி இரைவது மச்சான். காற்று கொஞ்சம் மாறினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தப்பான பக்கம் துப்புவது சம்பந்தி. எப்போது பார்த்தாலும் மூக்கடைத்துக் கிடப்பது பெரியப்பா. நான்காவதுக்குப் பெயர் இல்லை. அது தொல்லை கொடுப்பதில்லை, தொல்லை கொடுக்காததற்குப் பெயர் எதற்கு என்பது அவர் கட்சி.

இங்கே வருமுன் கீழே ஆப்பிள் தோட்டக் கிராமங்களில் இருபது வருடம் வாய்க்கால்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்க்கட்டியாக இருந்தவர் இவர். எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று இவர் சொல்லிவிட்டால், அடித்துக்கொள்ள மண்வெட்டி ஓங்கியவர்கள்கூட அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அந்தத் தோட்டக்காரர்கள் இன்றும் குளிர்காலம் பூராவும் போன் செய்கிறார்கள். "மேல விழுந்துதா அண்ணே?" மலையில் விழும் பனிதான் அவர்களுக்குக் கோடைத் தண்ணீர். அதைக் கணக்கிட்டுத்தான் வசந்தத்தில் கன்று வைப்பார்கள். "மாவுதான் விழுது. பொறுங்க," என்பது இவர் பதில். "ஓடைத் தண்ணிய மேல ஏத்தி ஊதுறோம். அது உருகி ஓடைக்கே திரும்பி வருது. புதுசா ஒரு சொட்டு வந்துதா?" ஒரு வருடம் ஒரு தோட்டக்காரர் இவரைக் கேட்காமல், 'மலை முழுக்கப் பனி' என்ற விடுதி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு இருநூறு கன்று அதிகமாக நட்டார். ஜூலையில் இருநூறும் விறகாயின. விளம்பரத்தை எழுதியவர்கள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. துர்சுன்பாய் போனார். போய் வேலியோரம் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

இனி பனிக்காகிதம், இந்த நாட்டு வழக்கம். முதல் பனி விழுந்த அன்று இங்கே யாரும் யாருக்கும் ஒரு சீட்டு அனுப்பலாம். என்னென்ன சமைத்து விருந்து வைக்கவேண்டும் என்று அதில் பட்டியல் இருக்கும். வேறு ஏதோ சாமான் போல மறைத்துக் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டு ஓடிவிடவேண்டும். வாங்கியவர் விருந்து வைத்தே ஆகவேண்டும். ஆனால் கொண்டுவந்த ஆளை அன்று பொழுது சாய்வதற்குள் பிடித்துவிட்டால் கதை தலைகீழ், விருந்து கொண்டுவந்தவர் தலையில். மலை உச்சியில் வேலை பார்ப்பதால் முதல் பனி எப்போதும் துர்சுன்பாய் மூக்கில்தான் விழும். பதினொரு வருடம், பதினொரு சீட்டு, பதினொரு விருந்து. ஒருவர்கூட இவரைப் பிடித்ததில்லை. அதில் மூன்று விருந்தை வைத்தவர் விடுதிச் சமையல்காரர் நேமத். நூற்றுப்பத்து கிலோ. ஓட்டத்துக்கும் அவருக்கும் ஆகாது.

குழாய்ப் பனிக்குச் சீட்டு கொடுக்கலாமா என்று ஒருமுறை வழக்கு எழுந்து, தெருப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மூன்று கெட்டில் தேநீர் காலியான பிறகு தீர்ப்பு வந்தது. போடுகிறவர் துர்சுன்பாய், அவர் பனி என்றால் பனி, மாவு என்றால் மாவு. அவர் என்ன சொல்வார் என்று ஊருக்கே தெரியும். வழக்கு அத்தோடு முடிந்தது.

இந்த வருடம் நவம்பர் முழுக்க வானம் துடைத்து வைத்தது போல் கிடந்தது. பனிச்சறுக்கு மலையில் ஆடுகள் மேய்ந்தன. டிசம்பர் முதல் வாரத்தில் குளிர் இறங்கியதும் துர்சுன்பாய் நான்கு நாள் கண் மூடாமல் மச்சானையும் சம்பந்தியையும் மாற்றி மாற்றி ஓட்டினார். முடிவில் பழுப்பு மலையின் நடுவே முப்பதடி அகலத்தில் ஒரு வெள்ளைப் பட்டை இறங்கியது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வேட்டி காயப்போட்ட மாதிரி இருந்தது. மேலாளர் சஞ்சர் தரையில் குப்புறப் படுத்து, பழுப்பு கொஞ்சமும் தெரியாமல் அதைப் படமெடுத்தார். வெள்ளிக்கிழமை மாலை வாசலில் பேனர் ஏறியது: 'முதல் பனி விழுந்துவிட்டது! நாளை திறப்பு!' முப்பத்தெட்டுப் பேர் மூன்று வாரமாக அந்தத் திறப்புக்குக் காத்திருந்தார்கள். விடுதி திறந்தால்தான் அவர்களுக்கு வேலை. அவர்களில் ஒருவரான நேமத், பேனரை இரண்டு முறை படித்துவிட்டுப் பேனா தேடப் போனார்.

சனிக்கிழமை காலை பம்பு அறைக்கு நேமத் ரொட்டி கொண்டுவந்தார். துணியைப் பிரித்தால் ரொட்டிக்கு நடுவில் சீட்டு. முழு ஆடு ஒன்று, நாற்பது பேருக்குப் புலாவ், உத்தரத்தில் தொங்கவிட்டுப் பக்குவமாக்கிய முலாம்பழம் ஆறு.

"என்னடா இது?"

"பேனரப் படிக்கலையா அண்ணே? முதல் பனி விழுந்துடுச்சாம்."

"துணியில எழுதினா மாவு பனியாயிடுமா?"

"அப்ப மாவுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. சஞ்சர் பேனரை இறக்கட்டும். இல்லேன்னா ஆட்டைப் பாருங்க."

"சரி, நீ ஏன்டா ஓடாம நிக்கிற?"

"எதுக்கு ஓடணும்? நீங்க என்னைப் பிடிச்சா, பனின்னு ஒத்துக்கிட்டதா அர்த்தம். கழுத்தை அறுத்தாலும் உங்க வாயில அந்த வார்த்தை வராதே!"

பின்னால் கை கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுப் பந்தலைச் சுற்றிப் பார்க்கிற பெரிய மனிதர் நடையில், நேமத் சமையலறைக்குத் திரும்பினார். சீட்டைக் கொடுத்துவிட்டு நடந்தே போன முதல் ஆள் அவர்தான். துர்சுன்பாய் சீட்டைக் கோட்டுப் பையில் செருகிக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. ஆடு போவது பெரிதில்லை. எதைச் சொன்னாலும் கெட்டுப்போகும் ஒரு நிலையில் தம்மை ஒரு சமையல்காரன் நிறுத்திவிட்டானே என்பதுதான் அவருக்கு எரிச்சல்.

பத்து மணிக்கு இரண்டு பேருந்துகள் வந்தன. தாஷ்கண்ட் தையல் ஆலை ஒன்றின் தொழிலாளர்கள் நாற்பத்தாறு பேர். அவர்களை அழைத்து வந்த முனவ்வர் என்ற பெண்மணி முதலில் இறங்கி, பழுப்பு மலையையும் வெள்ளைப் பட்டையையும் பேனரையும் வரிசையாகப் பார்த்தார். பூட்ஸ் நுனியால் வெள்ளையைக் கிளறினார்.

"இது விழுந்ததா, விழவெச்சதா?"

"இந்த வருஷத்தோட முதல் பனிங்க அக்கா," என்று சஞ்சர் ஆரம்பித்தார்.

"பேனர் எழுதினவரை நான் கேக்கல தம்பி. இங்க துர்சுன்பாய்னு ஒருத்தர் இருக்காராமே, அவர் சொன்னா நம்பலாம்னு எங்க டிரைவர் வழியெல்லாம் சொல்லிக்கிட்டு வந்தார். எங்க அவரு?"

டிரைவர் ஹம்தாம் கீழே தோட்டக் கிராமத்துக்காரர். பேருந்துக் கதவில் சாய்ந்து நின்று துர்சுன்பாயைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து வணங்கினார். அவர் காதில் விழுவது மத்தியானத்துக்குள் எல்லாத் தோட்டத்துக்கும் போய்விடும்.

முனவ்வர் நேரே வந்து நின்றார். "ஐயா, இவங்கள்ல பாதிப் பேர் மலையவே பாத்ததில்ல. போன வருஷம் வேற ஒரு இடத்துல, பனின்னு சொல்லிச் சேத்துல சறுக்கவிட்டாங்க. நான்தான் பேச்சு வாங்கினேன். ஒரே வார்த்தை சொல்லுங்க. பனின்னா இறங்குறோம். இல்லேன்னா வண்டியத் திருப்பச் சொல்றேன்."

துர்சுன்பாய் வெள்ளைப் பட்டையைப் பார்த்தார். அது நல்ல மாவு. வானத்துப் பனியைவிட இறுக்கமானது, பாந்தமாகச் சறுக்கலாம். அதைப் போட்டவர் அவர், அவருக்குத் தெரியும். இல்லை என்றால் இந்த நாற்பத்தாறு பேரும் திரும்பிப் போவார்கள், மலையேற்றும் லிஃப்ட் பக்கம் கையுறையைத் தேய்த்துக்கொண்டு நிற்கும் முப்பத்தேழு பேரும் சமையலறையில் நேமத்தும் வீட்டுக்குப் போவார்கள். ஆம் என்றால் கீழே எவனாவது மறுபடி கன்று வைப்பான். இருபது வருடம் தண்ணீர்ச் சண்டைகளை ஒரு சொல்லில் தீர்த்தவருக்கு வெட்கமாக இருந்தது.

அந்த நேரத்தில் சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. நேமத், மேலங்கி பறக்க, ஓடி வந்துகொண்டிருந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. விஷயம் இதுதான்: நாற்பத்தாறு பேருக்கு அரிசி ஊறிக்கொண்டிருந்தது, ஒரு மூட்டை கேரட் நறுக்கியாயிற்று, கொப்பரையில் கொழுப்பு உருகிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கேட்டபோதுதான், தாம் வைத்த பொறி தம் வளையின் வாயிலேயே இருக்கிறது என்பது அவருக்கு உறைத்தது.

"அண்ணே," என்று மூச்சிரைக்கத் துர்சுன்பாயின் காதோரம் குனிந்தார். "அந்தக் காகிதத்தக் குடுத்துடுங்க. நான் குடுக்கவே இல்ல, நீங்க வாங்கவே இல்ல. ஆடும் வேணாம், பழமும் வேணாம். நீங்க பாட்டுக்குப் பனின்னு சொல்லிடுங்க. அரிசி ஊறுது அண்ணே!"

சொல்லிக்கொண்டே துர்சுன்பாயின் கோட்டுப் பைக்குள் கையை விட்டார்.

துர்சுன்பாயின் வலக்கை அந்த மணிக்கட்டைப் பற்றியது.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. அடுத்த கணம் லிஃப்ட் பக்கமிருந்து முப்பத்தேழு தொண்டைகள் ஒரே நேரத்தில் கிளம்பின. "பிடிச்சாச்சு! நேமத்தைப் பிடிச்சாச்சு!" முனவ்வரும் இந்த நாட்டுக்காரர்தானே, அவருக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. சமையல்காரர் கையில் கசங்கியிருந்த சீட்டைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"பனி விழாம எவனாவது ஆளைப் பிடிப்பானா? இறங்குங்கம்மா எல்லாரும், பலகைய எடுங்க!"

"அப்ப... ஆடு என் தலையிலயா?" என்றார் நேமத். "அண்ணே, வாயத் திறந்து சொல்லுங்க. இது பனிதானா?"

துர்சுன்பாய் வாயைத் திறக்கவில்லை. பிடியையும் விடவில்லை. நாற்பத்தாறு பேரும் கூச்சலோடு வெள்ளைப் பட்டையைப் பார்த்து ஓட, சஞ்சர் அவர்களைப் படமெடுக்க ஓடினார்.

கூட்டத்துக்கு அப்பால் ஹம்தாம் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, புருவத்தை உயர்த்தி துர்சுன்பாயைப் பார்த்தார். கீழே என்ன சொல்லட்டும், பனி என்றா?

வலக்கையால் நேமத்தை இறுகப் பிடித்தபடியே, முனவ்வருக்குத் தெரியாமல் இடக்கையைக் கோட்டு ஓரமாகத் தாழ்த்தி, டிரைவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி விரித்து, இல்லை இல்லை என்று இரண்டு முறை ஆட்டினார் துர்சுன்பாய்.