இரண்டு திருகாணி

காத்தான்குடியில் கம்பியூட்டர் திருத்தும் நிஸ்தாருக்கு ஒரு கெட்ட வழக்கம். ஹார்ட் டிஸ்க்கை நான்கு திருகாணி போட்டு இறுக்க வேண்டிய இடத்தில், ஒரு பக்கம் மட்டும் இரண்டைப் போட்டு மூடிவிடுவான். மறுபக்கத் தகட்டைக் கழற்ற அவனுக்கு அலுப்பு. பதினொரு வருடமாக யாரும் கேட்டதில்லை. பெட்டிக்குள் யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

கடைக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த பஹீமாவுக்கும் ஒரு கம்பியூட்டரை அப்படித்தான் பூட்டிக் கொடுத்தான். அவளுடைய மகன் அஸ்பாக் கட்டாரில் கட்டடத்திலிருந்து விழுந்து மவுத்தாகி, அங்கேயே அடக்கப்பட்டவன். மிஞ்சியது அவன் பேசி அனுப்பிய வீடியோக்கள்தான். போனில் இடமில்லை என்று அவற்றைக் கம்பியூட்டருக்கு மாற்றி, போனிலிருந்ததை அழித்துக் கொடுத்ததும் நிஸ்தார்தான். சாரன் துணி நெய்துகொண்டே மகனைப் பார்க்கலாமென்று, பஹீமா அதை மின்தறிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் வந்து நின்றாள்.

“தம்பி, வெள்ளிக்கிழமையில மட்டும் படம் நல்லா ஓடுது. மத்த நாளையில நிண்டு நிண்டு போகுது.”

“கம்பியூட்டருக்குக் கிழமை தெரியுமா ராத்தா? வைரஸா இரிக்கும்,” என்று சிரித்தான்.

கடையில் போட்டால் நன்றாகவே ஓடியது. தூசி தட்டி அனுப்பினான். மூன்று முறை இதே கதை.

நான்காம் முறை பெட்டி எழும்பவேயில்லை. தூக்கி வர அவள் வீட்டுக்குப் போனான். தறி ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் கை வைத்தான், மேசை நடுங்கியது. பெட்டிக்குள் டிஸ்க் கிடந்து ஆடியது. வெள்ளிக்கிழமை தறிக்கு லீவு என்பது அப்போதுதான் அந்த மண்டைக்குள் ஏறியது. ஆட்டத்தில் டிஸ்க்கின் ஊசி இடம் தவறித் தவறித் தேடியதுதான் அந்தத் தாமதம். கடைசியில் தட்டையே கீறிவிட்டது. நான்கு ஆணியும், அடியில் ஒரு ரப்பர் துண்டும், வேறொரு அறையும் போதுமாயிருந்திருக்கும்.

கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தான். ஒன்றும் எடுக்க முடியாதென்று திரும்பி வந்தது.

“தறி ஆட்டினதாலயா தம்பி?” என்று கேட்டாள், அன்று அவன் மேசையில் கை வைத்ததைப் பார்த்திருந்த பஹீமா.

ஆணியைப் பற்றிச் சொல்லத்தான் வாயெடுத்தான்.

“ஓம் ராத்தா. தறிதான்.”

“அப்ப நான்தான் என்ட புள்ளய இல்லாமலாக்கியிரிக்கன்.”

அவள் அழவில்லை. அவனும் மறுத்துப் பேசவில்லை, பாவி.

அடுத்த வாரமே தறியை ஏறாவூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டாள். நிஸ்தார் இப்போது எல்லாப் பெட்டிக்கும் நான்கு ஆணியும் போடுகிறான். இரண்டு வீடு தள்ளி, திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமை மாதிரியே கிடக்கிறது.