பொட்டு வைத்த பெட்டி

கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தபோது ஆபீசில் முதலாளி இருந்தார், அவருடைய மச்சினர் இருந்தார். நான் இல்லை. ஆயுத பூஜைக்குப் பொரியும் கடலையும் வாங்க அரியலூர் கடைத்தெருவுக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அன்றைக்கு யாரும் இதைக் கேட்கவில்லை.

சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளின் ஆபீஸ் அது. சிமெண்ட் ஆலையிலிருந்து எடைக்கணக்கு மெயிலில் வந்து இந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இறங்கும். மாதத்துக்கு ஒரு ஃபோல்டராக நான்தான் பிரித்து வைத்திருந்தேன். அதைக் காட்டினால்தான் பில் பாஸாகும்.

நான் திரும்பியபோது கம்ப்யூட்டரை அணைத்து, பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். மச்சினர் சிரித்தார்.

“வெளிய தொடச்சா போதுமா தம்பி? உள்ளயும் கூட்டிட்டேன். ஜூன், ஜூலை, ஆகஸ்டுன்னு பழசா கெடந்துச்சு, தூக்கிக் கடாசிட்டேன். அந்தக் குப்பத்தொட்டியும் காலி.”

“சார், அந்த மூணு மாச பில்லும் இன்னும் பாஸாகலைங்க!”

முதலாளி மச்சினரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “படிச்சவன்னுதானே ஒன்ன வச்சேன்? பூட்டு போட்டு வைக்கத் தெரியாது?”

பூட்டு! பாஸ்வேர்டு போடட்டுமா என்று சித்திரையிலேயே கேட்டவன் நான். “எம் பொட்டிக்கு எனக்கே பூட்டாடா?” என்றவர் அவர்.

“இப்பவே ஆன் பண்ணித் தேடிப் பாக்குறேங்க.”

“பூஜையில வச்சத நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாது. பில்லு வரலன்னா அப்புடியே வூட்டுக்குப் போயிடு.”

அழிக்கலாம், திறந்து பார்க்கக் கூடாது! என் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர் யாருமில்லை. என் சம்பளத்தில்தான் தங்கச்சி ஒன்பதாவது படித்தாள். கையில் கொடுத்த பொரியைத் தங்கச்சிக்குப் பொட்டலம் கட்டினேன்.

மறுநாள் கற்பூரம் அணைந்ததும், இன்னும் எதை அழிப்பாரோ என்று, மச்சினர் சுவிட்சுக்குக் கை நீட்டுமுன் வயர்களைப் பிடுங்கினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினேன்.

“பொட்டெல்லாம் வச்சிருக்க, சாமியே வந்தாலும் லக்கேஜ் டிக்கெட் உண்டுப்பா” என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரம்பலூர் ரிப்பேர் கடைக்காரர் கேட்டார். “அழிச்சப்பறம் மெஷின ஓட்டுனீங்களா?”

“இல்லைங்க, பூஜையில இருந்துச்சு.”

“பொழச்சீங்க. அது மேல வேற எதாச்சும் பதிஞ்சிருந்தா ஒண்ணும் தேறியிருக்காது.”

மாலைக்குள் மூன்று ஃபோல்டரும் திரும்பி வந்தன. வேலை தப்பியது. கடைக்காரர் சொன்னதை ஆபீசில் அப்படியே சொன்னேன்.

“தொடக்கூடாதுன்னு சொன்னேன்ல, பாத்தியா?” என்றார் முதலாளி. மச்சினர் பெரிய மனுஷர் மாதிரி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ரிப்பேர் கூலி எண்ணூறு ரூபாய். ஆயிரத்து எண்ணூறு ரூபாய்ச் சம்பளத்தில் அதை முழுசாக என்னிடமே பிடித்துக்கொண்டார்கள்.