முட்டுக்காட்டு போர்டில் ரிஃபானாவின் மழை

செய்யூர் பஜாரில் டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நூர்முகமதுவின் மகள் ரிஃபானா. செங்கல்பட்டில் விஸ்காம் படித்து முடித்தவள். கிராஃபிக் டிசைன் கம்பெனி எதிலாவது இன்டெர்ன்ஷிப் கிடைத்தால் போதும், அங்கிருந்து எப்படியாவது மேலே போய்விடலாம் என்று நினைத்திருந்தாள். கோடை முழுக்க மெயில் அனுப்பினாள். பெரும்பாலும் பதிலே வராது. வந்தால், அனுபவம் உள்ளவர்களைத்தான் எடுக்கிறோம் என்று வரும். அனுபவத்துக்காகத்தானே இன்டெர்ன்ஷிப்பே கேட்கிறேன் என்று முதலில் கோபப்பட்டாள். போகப்போக கோபம்கூட வரவில்லை.

கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று ஒன்று செய்துகொண்டிருந்தாள். காலையில் டீ குடித்ததும், பஜாரில் கண்ணில் பட்ட ஏதாவது ஒரு கடையின் போர்டைத் தன் இஷ்டப்படி லேப்டாப்பில் மாற்றி வரைவாள். ஒருநாள் உரக்கடை, ஒருநாள் சலூன், ஒருநாள் சவுக்கு மண்டி. யாருக்கும் காட்ட மாட்டாள். கூடப் படித்த பிரபாவுக்கு மட்டும் எப்போதாவது அனுப்புவாள். "சூப்பர்டீ, விட்டுடாத" என்று பிரபா வாய்ஸ் நோட் போடுவாள். பிரபாவுக்கு அதற்குள் ஒரு பேங்கில் வேலை கிடைத்திருந்தது.

மழைக்காலம் தொடங்கும் முன் சென்னையில் ஒரு ஏஜென்சியிலிருந்து பதில் வந்தது. முதலில் ஒரு டெஸ்ட் என்றார்கள். கடற்கரை ரிசார்ட் ஒன்றுக்கு மழைக்கால விளம்பரம் செய்து அனுப்ப வேண்டும். ரிஃபானா அதற்காக இரண்டு வாரம் உட்கார்ந்தாள். 'மழை' என்ற சொல்லை ரெடிமேட் ஃபான்டில் எடுக்காமல் கையாலேயே வரைந்தாள். ழகரத்தின் வால் கீழே இறங்கி ஒரு படகைக் கட்டிய கயிறாக முடிந்தது. அதன் முன்னால் நிற்கும் ஐகாரக் கொம்பின் சுழி இரண்டில் ஒன்று கொஞ்சம் பெரிதாகிப் போயிற்று. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறதென்று விட்டுவிட்டாள். அனுப்பியதும், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். அதோடு சரி.

ஐப்பசியில் சென்னையிலேயே வேறொரு கம்பெனி நேரில் வரச் சொன்னது. ஈ.சி.ஆர். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தாள். முட்டுக்காட்டில் படகுத்துறையைத் தாண்டியதும் ரோட்டோரம் பெரிய போர்டு ஒன்று தெரிந்தது. மழை. கீழே இறங்கும் கயிறு. படகு. அந்தப் பெரிய சுழிகூட அப்படியே இருந்தது.

"அண்ணே, நிறுத்துங்க, எறங்கணும்!"

"இங்க ஸ்டாப்பிங் இல்லம்மா" என்று முணுமுணுத்தபடியே கண்டக்டர் விசில் கொடுத்தார்.

போர்டின் கீழே நின்று ஏஜென்சிக்கு போன் போட்டாள். பேசிய பெண்ணின் குரல் பதறவே இல்லை. "இந்த மாதிரி ஐடியா யாருக்கு வேணாலும் வரலாம் மேடம். டெஸ்டுக்கு வந்ததை நாங்க யூஸ் பண்றதே இல்ல."

"ஐடியாவ சொல்லலங்க. எழுத்தே என்னோடது."

லைன் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. அன்றைய இன்டர்வியூவுக்கும் நேரம் தாண்டிவிட்டது. இன்னொரு நாள் கூப்பிடுகிறோம் என்றவர்கள் கூப்பிடவில்லை. தன்னுடைய ஃபைல்களை இணைத்து ஏஜென்சிக்கு அனுப்பிய மெயிலுக்கும் பதில் இல்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா ஜஹனாரா அந்த ஏஜென்சிக்காரர்களை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அத்தா நூர்முகமது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்த போர்டு எங்க கீது?"

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், அவள் வேண்டாம் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், வண்டியில் உட்கார வைத்து முட்டுக்காட்டுக்கே கூட்டிப்போனார். போர்டை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, "அண்ணாத்த, இது எம்பொண்ணு போட்டது" என்றார். இளநீர்க்காரர் போர்டையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "அப்டியா, நல்லாகீதே" என்றார். ரிஃபானா வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் பெயரில்லாத போர்டுக்கு அத்தா ஏன் இப்படிப் பூரித்துப் போகிறார் என்று எரிச்சலாக இருந்தது.

அதன்பிறகு லேப்டாப்பைத் திறக்கவில்லை. காலையில் டீ குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். பிரபாவின் வாய்ஸ் நோட்டைக்கூடக் கேட்கவில்லை. இப்படியே சில வாரங்கள் போயின. சும்மா இருந்தாலாவது அசதி போகும் என்று நினைத்தாள். அதுவோ கூடிக்கொண்டே போனது. ஒருநாள், எந்தத் தீர்மானமும் இல்லாமல், எதிர்வீட்டு மாவு மில்லின் போர்டை வரைய உட்கார்ந்தாள். சுமாராகத்தான் வந்தது. மறுநாள் இன்னொன்று வரைந்தாள். அந்த வாரமே மறுபடி மெயில் அனுப்பத் தொடங்கினாள். இம்முறை ஒவ்வொரு படத்தின் மேலும் குறுக்கே தன் பெயரைப் போட்டிருந்தாள்.

மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் சின்னதாக டிசைன் ஸ்டூடியோ நடத்தும் பிரதீபா என்பவர் அவளை வரச் சொன்னார். முட்டுக்காட்டு போர்டின் போட்டோவையும் ரிஃபானா கொண்டுபோயிருந்தாள். பிரதீபா அதை நெருக்கமாக வைத்துப் பார்த்தார்.

"இது நீங்க பண்ணதா?"

"ஆமா மேடம். ஆனா அதுல என் பேரு எங்கயும் இல்ல." முதலில் பென்சிலில் போட்டுப் பார்த்த படகுகளையும், கோணலாகிப்போன ழகரங்களையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

பிரதீபா ஒவ்வொன்றாகப் புரட்டினார். "எனக்கும் இப்படி ஒண்ணு போயிருக்கு. கேஸ் அது இதுன்னு அலைஞ்சேன், ஒண்ணும் நடக்கல" என்றார். பிறகு, "இங்க இந்த மாதிரி வேலையெல்லாம் வராதும்மா. மெனு கார்டு, லாட்ஜ் ரூம் போட்டோ, அவ்ளோதான். பஸ் செலவுக்கு மேல பெருசா குடுக்கவும் முடியாது. ஆனா நீங்க பண்றது எல்லாத்துலயும் உங்க பேரு இருக்கும். வரீங்களா?" என்று கேட்டார்.

ரிஃபானாவுக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை. கொஞ்சம் தண்ணீர் குடித்தால் தேவலை என்றிருந்தது. "வரேன் மேடம்" என்றாள்.

முதல் நாள் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அத்தா போன் செய்தார்.

"இன்னாம்மா வேல குடுத்தாங்க?"

"ஓட்டல் மெனுவுக்கு எறா போட்டோ அத்தா. எறாவ உட்டுட்டு, பின்னாடி இருந்த தட்ட அழிச்சேன். நாளெல்லாம் அதான்."

"நாளைக்கு?"

"நாளைக்கு நண்டு."

அத்தா சிரித்தார். அவளுக்குக் கண் எரிந்தது, முதுகு வலித்தது. பஸ் கூட்டமாக வந்தது. ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.