ஒரு லிட்டருக்கு எத்தனை மணி நேரம்?

பெட்ரோல் பல்க்கில் நிற்பவனுக்கு மனிதர்களின் முகத்தைவிட டேங்க் மூடிகள்தான் நன்றாக நினைவில் நிற்கும். தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் பதினோரு வருஷமாக மாலை ஆறு முதல் காலை ஆறு வரை குழாய் பிடிக்கிறேன். இதை வாசிக்கிற நீங்கள் குழாயின் இந்தப் பக்கம் நின்றிருப்பீர்கள், இல்லையென்றால் அந்தப் பக்கம். மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்து மனக்கணக்குப் போடுவது இரண்டு பக்கமும் உண்டு.

பகலில் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. ஒரு காலத்தில் வெளிநாடு போகலாம் என்று பாஸ்போர்ட் எடுத்தேன். ஒரு முத்திரைகூட விழாமலே அது காலாவதியாகிப் போனது. போகாத நாடுகளில் பெட்ரோல் என்ன விலை, எத்தனை ஆக்டேன் என்று செல்போனில் தேடிப் படிக்கிற கிறுக்கு அதற்குப் பிறகு பிடித்ததுதான். கப்பல்காரர்கள், வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள், யார் வண்டி நிறுத்தினாலும் கேட்பேன். 'காற்று இலவசம்' என்ற பலகையின் பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்று அதில் சாக்பீஸால் எழுத ஆரம்பித்தேன்.

மேலாளர் நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். "முதலாளி கண்ணுல பட்டா பலகையும் போகும், நீரும் போவீரு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். முதலாளி மாதம் ஒருமுறைதான் வருவார் என்ற தைரியத்தில் தொடர்ந்தேன். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. பலகையை விட்டால் இந்த வேலையில் எனக்கென்று ஒன்றும் இல்லை.

முந்நூறு ரூபாய்

பக்கத்துப் புதுக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வாரம் ஒருமுறை சரக்கு எடுக்க வருவார். பெட்ரோல் விலையை நானே வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்வதுபோல என்னைத் திட்டிவிட்டுத்தான் டேங்க் மூடியைத் திறப்பார். அன்றைக்குப் பலகையில் 'கொழும்பு: முந்நூறை ஒட்டி' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? அங்கன முந்நூறு! நாம நூறுக்கே அழுதோம்" என்று பக்கத்தில் நின்ற லாரிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். முதல்முறையாகத் திட்டாமல் டேங்கை நிரப்பச் சொன்னார்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். அது இலங்கை ரூபாய், நம்ம காசுக்கு மாற்றினால் நம் விலையைவிடக் குறைச்சல்தான், அங்கே விற்கிற சாதா பெட்ரோலே தொண்ணூற்றிரண்டு ஆக்டேன் என்று விளக்கிவிட்டேன். அண்ணாச்சி பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம் நான் எம்புட்டு சந்தோஷமா இருந்தேன், கெடுத்துட்டியேலே!"

எண்பத்தேழு

எங்கள் மாவட்டத்து நாசரேத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர். மகன் அமெரிக்காவில் இருக்கிறான். பலகையில் அமெரிக்காவுக்கு நேரே 'எண்பத்தேழு' என்று கண்டதும் அவருக்குக் கவலையாகிவிட்டது. நம் ஊரில் நெடுங்காலம் சாதா பெட்ரோலுக்கே தொண்ணூற்றொன்று இருந்ததே, அவ்வளவு பெரிய நாட்டில் இவ்வளவு மட்டமான பெட்ரோலையா மகன் காரில் ஊற்றுகிறான் என்றார்.

எனக்கும் இந்தக் குழப்பம் ஒரு வாரம் இருந்தது. அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆக்டேனை அளக்க இரண்டு முறை இருக்கிறது. ஒன்று இன்ஜினை லேசாக ஓட்டிப் பார்ப்பது, இன்னொன்று வருத்தி ஓட்டிப் பார்ப்பது. நாம் முதல் முறையில் வந்த எண்ணைச் சொல்கிறோம். அமெரிக்காக்காரன் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சொல்கிறான். அதனால் அவன் எண்பத்தேழும் நம் தொண்ணூற்றொன்றும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். சார் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தி, செல்போனில் கொஞ்ச நேரம் சரிபார்த்தார். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

"அப்போ எம் பையன் எண்பத்தேழு மார்க்கு வாங்கிட்டு வந்ததுக்கு நான் அடிச்சது தப்புங்கீரு."

சரிகை

எங்கள் பல்க்கில் நூறு ஆக்டேனுக்கென்று தனிக் குழாய் உண்டு. பெரிய பைக் வைத்திருக்கும் பையன்கள் தவிர யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஒரு நாள் விடிந்தும் விடியாத நேரத்தில் பெரியதாழை கடற்கரைக்காரர் ஒருவர், பட்டுச் சட்டையும் சரிகை வேட்டியுமாக, மீன்பெட்டி கட்டுகிற மொபெட்டை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். மகளுக்கு அன்று கோயிலில் கல்யாணம்.

இதைச் சொல்லாமல் விட முடியாதே என்று சொன்னேன். ஆக்டேன் கூடினால் வண்டிக்குப் பலம் கூடாது. இன்ஜின் அழுத்துகிற அழுத்தத்தில் தானாகத் தீப்பிடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கான எண் அது. உங்கள் மொபெட் அவ்வளவு அழுத்தவே அழுத்தாது, காசுதான் வீண் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு வேட்டிக் கரையைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தச் சரிகையால என்ன பிரயோசனம்? கட்டலியா? ஊத்துடே."

மாலேயிலிருந்து

மிக்கேல் என் சேக்காளி. மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப் போகிற தோணியில் தண்டல், அதாவது அதன் கேப்டன். மாலே போய்ச் சேர்ந்ததும் அங்கத்திய பெட்ரோல் விலையைக் குரல் செய்தியாக அனுப்பிவிடுவான். போன கார்த்திகையில் காற்று மோசமாக இருந்தது. தோணி போய் நாளாகிவிட்டது. ஒரு சாயங்காலம் செய்தி வந்தது. நான் சந்தோஷமாகப் பலகையில் மாலே விலையை அழித்துப் புதிதாக எழுதினேன். அவன் சேர்ந்துவிட்டான் என்பது எனக்கு அந்த எண்ணிலேயே தெரிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி ரெஜினா ஸ்கூட்டரில் வந்தாள். நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடாத முகம். பலகையைப் பார்த்தாள். மாலே விலை மாறியிருந்ததைப் பார்த்தாள். அப்படியே ஸ்கூட்டரின் மேல் சாய்ந்து நின்றாள். அழப்போகிறாள் என்று தண்ணீர் பாட்டிலை எடுத்தேன்.

"அண்ணே, அந்த மனுசன் ஒங்களுக்குப் பெட்ரோல் வெல சொல்லுதாரு, பெண்டாட்டிகிட்ட மாலே வந்து சேந்தேன்னு ஒரு வார்த்த சொல்லல. வரட்டும்."

முத்துலட்சுமியின் கணக்கு

முத்துலட்சுமி பகல் ஷிப்ட். பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் வீங்கி, நான் வரும்போது அவள் போவாள். ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டே பலகையைப் பார்த்தாள். ரூபாய், டாலர், ரியால் என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும் என்றாள். குழாய் பிடிக்கிறவர் ஒரு லிட்டர் வாங்குகிற காசைச் சம்பாதிக்க எவ்வளவு நேரம் வேலையில் நிற்க வேண்டும் என்று போடச் சொன்னாள்.

இத்தனை வருஷம் படித்தும் எனக்கு இது தோன்றவில்லை. அந்த வாரம் முழுக்கக் கேட்டுக் கேட்டுச் சேர்த்தேன். எல்லாம் வாய்வழிக் கணக்கு, தோராயம்தான். அமெரிக்காவில் பல்க்கில் கல்லாவில் நிற்பவருக்கு நாலைந்து நிமிஷம். சவுதியில் குழாய் பிடிப்பவரும் நம்மைப்போலப் பிழைக்கப் போனவர்தான். அவருக்கு அரை மணி. கொழும்பில் இரண்டு மணிக்குக் கொஞ்சம் குறைவு. கடைசியில் 'தூத்துக்குடி: இரண்டரை மணி' என்று எழுதினேன். முத்துலட்சுமி வாசித்துவிட்டுத் தன் காலைப் பார்த்தாள்.

"அதான் இப்படி வீங்குதா!"

முதலாளி

அவர் அந்த மாதம் சொல்லாமல் வந்தார், சரியாக ஷிப்ட் மாறுகிற நேரத்தில். காரிலிருந்து இறங்கியவர் டயருக்குக் காற்று பார்க்கப் போய், பலகையின் பின்பக்கத்தில் நின்றுவிட்டார். மேலாளர் என்னைப் பார்க்கவேயில்லை. முதலாளி மேலிருந்து கீழே ஒவ்வொரு நாடாக வாசித்தார். கடைசி வரியில் ரொம்ப நேரம் நின்றார்.

"யாரு எழுதுனது?"

"நான்தான்" என்றேன். "கணக்கு நான் சொன்னது" என்றாள் முத்துலட்சுமி. போயிருக்க வேண்டியவள், போகவில்லை.

கண்ணாடி துடைக்கிற துணியைக் கேட்டு வாங்கினார். மொத்தப் பலகையும் போகப்போகிறது, கூடவே நாங்கள் இரண்டு பேரும் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து கடைசி வரியை மட்டும் துடைத்தார். சாக்பீஸ் தூள் ஒட்டிய துணியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"ஊர் ஒலகத்தப் பத்தி என்னத்தையும் எழுதுலே. தூத்துக்குடியப் பத்தி எழுதாத."

இப்போது எங்கள் பலகையை வாசித்துப் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்காக மனிதர்கள் கால்கடுக்க நிற்க வேண்டியிருப்பது வெளிநாடுகளில் மட்டும்தான்.