நெல்வயல் வாத்துகளுக்கு ஒரு துப்பாக்கி

என் மனைவிக்குத் திடீர்ச் சத்தம் ஆகாது. கல்யாணமான புதிதிலேயே இதைத் தெரிந்துகொண்டேன். சிட்னியின் டூங்கபியில் நாங்கள் முதலில் இருந்த வாடகை வீட்டில் காற்றுக்குக் கதவு அடித்துக்கொண்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். இலங்கையின் வடக்கில், சண்டை நடந்த வருடங்களில் வளர்ந்தவள். நான் தமிழ்நாட்டுக்காரன். பட்டாசைத் தவிர வேறு வெடி கேட்டதில்லை. அவள் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை, நானும் தோண்டிக் கேட்டதில்லை. எல்லாக் கதவுக்கும் ரப்பர் முட்டு வாங்கி வைத்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான்.

அவள் வாத்து சுடத் துப்பாக்கி வாங்கினாள் என்பதை எங்கள் சொந்தக்காரர்கள் இன்றும் நம்புவதில்லை. எனக்கே அந்த நாட்கள் பனிமூட்டத்துக்குள் நடந்தவைபோலத்தான் நினைவில் இருக்கின்றன.

அவள் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ். அங்கே கூட வேலை செய்த ஒருத்தி, உயரமான, அதிகம் பேசாத ஆஸ்திரேலியப் பெண், மனைவிக்கு நெருக்கம். ஒரு மதியம் மருந்துத் தள்ளுவண்டி ஒன்று சாய்ந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில் என் மனைவி மேசைக்கு அடியில் போய்விட்டாள். மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்களாம். இந்தப் பெண் மட்டும் வந்து தரையில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாளாம். பிறகு அந்த நண்பி ஒரு நெல் விவசாயியைக் கட்டிக்கொண்டு வேலையை விட்டு ரிவரைனா பக்கம் போய்விட்டாள். சிட்னியிலிருந்து ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டினால் வரும் சமவெளி அது.

ஒரு அக்டோபரில் அவர்கள் பண்ணைக்குப் போனோம். நெல் விதைத்துத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். வானம் மேலேயா கீழேயா என்று தெரியாத அளவுக்குத் தண்ணீர். அதன் நடுவே கோடு போட்டதுபோல வரப்புகள். வீட்டை நெருங்கும்போது தூரத்தில் டமார் என்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். முளை விடும் நெல்லை வாத்துகள் மிதித்துத் தின்றுவிடும் என்பதால், அவற்றை விரட்ட கேஸ் நிரப்பிய இரும்புக் குழாய் ஒன்றை வரப்பில் வைத்திருந்தார்கள். குண்டு கிடையாது, வெறும் சத்தம்தான்.

மனைவி காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நண்பியின் கணவர் ஓடிப்போய் அதை அணைத்துவிட்டு வந்தார். நான் திரும்பிப் போய்விடலாம் என்றேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது நண்பியிடம் கேட்டாள், "அந்தக் குழாயை நானே அமத்தி வெடிக்க வைக்கலாமோ?" பிறகு ஆங்கிலத்தில் அதையே கேட்டாள்.

மூன்று பேரும் வரப்பில் நடந்து போனோம். நண்பி விசையைக் காட்டிவிட்டுத் தள்ளி நின்றாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். மனைவி நெடுநேரம் குனிந்து நின்றாள். அப்புறம் அமுக்கினாள். சத்தத்தில் தண்ணீரே ஒருமுறை சிலிர்த்ததுபோல் இருந்தது. எங்கிருந்தோ நூற்றுக்கணக்கில் வாத்துகள் எழுந்து எங்கள் தலைக்கு மேலே வட்டமடித்தன. அவள் நிமிர்ந்து அவற்றைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, என்ர உடம்பு குதிக்கேல்ல."

"பயமா இல்லையா?"

"பயம்தான். ஆனா இது என்ர கையால வந்த சத்தம். எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியும்."

அன்று அந்தக் குழாயை விட்டு அவளை நகர்த்த முடியவில்லை.

சிட்னி திரும்பும் வழியிலேயே சொல்லிவிட்டாள். வாத்துத் தொல்லைக்கு அந்தக் குழாய் மட்டும் போதாது, அரசாங்க அனுமதியோடு சுடவும் செய்கிறார்கள், உரிமம் உள்ளவர்கள் வந்து உதவலாம் என்று நண்பி சொல்லியிருக்கிறாள். "நானும் படிக்கப் போறன்." நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் குரலில் நான் அதுவரை கேட்காத ஒரு நிதானம் இருந்தது.

மனைவி எங்கள் மகளுக்குப் போன் பண்ணிச் செய்தி சொன்னபோது, "ஆர் யூ சீரியஸ், அம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள். நானும் சீரியஸாகத்தான் இருக்கிறேன் என்றேன்.

உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் முன் எங்கள் டாக்டரிடம் மனைவியே போய் எல்லாவற்றையும் மனம் விட்டுப் பேசினாள். என்னிடம் சொல்லாதவற்றையும் அங்கே சொன்னாள் என்று நினைக்கிறேன். பாதுகாப்புப் பயிற்சிக்குப் போனாள். வாத்துகளை அடையாளம் காணும் தேர்வும் உண்டு. எதைச் சுடலாம், எதைத் தொடவே கூடாது என்பதைப் பறக்கும்போதே பார்த்துச் சொல்ல வேண்டும். இங்கே ஜூனில் தொடங்கும் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டு டிவியில் சத்தமே இல்லாமல் வாத்துகள் பறந்தன. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் விளக்குப் போடாத ஹாலில் போர்வைக்குள் அவள் இருப்பாள். திரையிலிருந்து வரும் நீல வெளிச்சம் அவள் முகத்தில் சிறகடித்துக்கொண்டிருக்கும். "இது கறுப்பு வாத்து. செட்டைக்கு அடியில வெள்ளை தெரியுது பாருங்கோ. இது கிளுவை, சின்னன், சுழண்டு சுழண்டு போகும்." நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். சில நாள் தூக்கத்திலும் எனக்கு அதே வாத்துகள் வந்தன, எங்கள் கூரைக்கு மேலே, சத்தமில்லாமல்.

தேர்வில் தேறினாள். இனி துப்பாக்கி.

நண்பிக்குத் தோளில் பழைய வலி. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி வந்தது. அதைப் படம் எடுத்துப் பார்க்க அவள் சிட்னிக்கு வந்திருந்தாள். அவளுக்கும் புதிய துப்பாக்கி தேவைப்பட்டது. கணவருடைய பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒவ்வொரு முறையும் வலிக்கும் தோளிலேயே உதைக்கிறது என்றாள். எனவே மூவருமாக மேற்கு சிட்னியில் ஒரு கடைக்குப் போனோம். வாசலில் இரும்புக் கதவு, உள்ளே எண்ணெய் வாசனை. கடைக்காரர் நரைத்த தாடிக்காரர், மெதுவாகப் பேசினார்.

நண்பி கேட்டது செமி-ஆட்டோமேட்டிக். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா வெடிக்கும். வெற்றுக்கூடு தானே வெளியே தெறித்து அடுத்த தோட்டா தானே வந்து உட்காரும். கடைக்காரர் இரண்டு வகைகளை எடுத்து வைத்தார். ஒன்று, வெடிக்கும்போது உண்டாகும் வாயுவில் கொஞ்சத்தை எடுத்துத் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்வது. அதனால் தோளில் உதை மெத்தென்று இருக்கும், ஆனால் கரி படியும், அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். மற்றது பின்னால் உதைக்கும் வேகத்தையே கொண்டு இயங்குவது. எடை குறைவு, சேற்றிலும் தூசியிலும் மக்கர் பண்ணாது, ஆனால் உதை அதிகம்.

நண்பி இரண்டையும் மாற்றி மாற்றித் தோளில் வைத்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு தூக்குவாள், பிறகு கண்ணைத் திறந்து குழல் எங்கே பார்க்கிறது என்று பார்ப்பாள். தானாகவே நேராக நின்றால்தான் உடம்புக்குப் பொருந்திய துப்பாக்கியாம். நல்ல புடவைக்கடையில் நிற்கும் பெண்ணைப்போல அவள் அவசரமே படவில்லை.

"வயலில் சேறுதான் அதிகம். அதுக்கு ரெண்டாவதுதான் நல்லது," என்றார் கடைக்காரர்.

"சேத்தை நான் துடைச்சுக்கறேன். தோளைத் துடைக்க முடியாது," என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு இப்படித்தான் தமிழில் நினைவிருக்கிறது. முதல் வகையையே எடுத்தாள். குழல் கொஞ்சம் நீளமானது, பறக்கும் பறவையோடு கூடவே ஆடாமல் நகரும் என்பதற்காக. வாத்துக்கு ஈயக் குண்டு போடக் கூடாது என்பது சட்டம். எஃகுக் குண்டுக்கு ஏற்ற குழல்தானா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

என் மனைவிக்கும் அதே வேண்டும் என்று நினைத்துத்தான் வந்திருந்தோம். மெலிந்த உடம்பு, மெத்தென்ற உதை, அதைவிடப் பொருத்தம் ஏது என்று நானே இணையத்தில் வாரக்கணக்கில் படித்து வைத்திருந்தேன். கடைக்காரர் உரிமத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பண்ணை நடத்துபவர்கள் போன்ற சிலருக்குத்தான் செமி-ஆட்டோமேட்டிக், உங்கள் வகை உரிமத்துக்கு இல்லை என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை தூரம் வந்து இப்படியா என்றிருந்தது.

மனைவி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. மேசைமேல் கிடந்த நண்பியின் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்டு வெடிச்ச உடன அடுத்தது தானா வந்து நிக்குமோ?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஆமா, அதுதான் அதோட வசதி."

"அப்ப எனக்கு அது வேண்டாம்." ஒரு அடி பின்னால் நகர்ந்து சொன்னாள், "குடுத்தாலும் வேண்டாம். ஒவ்வொருக்காவும் நானே போடோணும்."

இதை நான் ஆங்கிலத்தில் சொன்னதும் கடைக்காரர் உள்ளே போய் ஒரு மெல்லிய துப்பாக்கியோடு வந்தார். குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. நடுவில் மடித்துத் திறந்து கையாலேயே தோட்டா போட வேண்டும். குழலின் துளை அளவும் சிறியது, அதனால் உதை குறைவு. தோளில் ஊன்றும் அடிக்கட்டை அவள் கைக்கு நீளமாக இருந்தது. கொஞ்சம் அறுத்துக் குறைத்துத் தருவதாகச் சொன்னார். அவர் துப்பாக்கியை மடித்து, காலியாக இருக்கிறது என்று காட்டி, அவளிடம் கொடுத்தார். அவள் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து, வெற்றுக் குழல்கள் வழியே வாசல் பக்கம் பார்த்தாள். அவள் கண்ணைச் சுற்றி ஒரு சின்ன வட்ட வெளிச்சம் விழுந்தது.

"உள்ளுக்க ஒண்டும் இல்லை எண்டு பாக்கலாம்," என்றாள். "இது காணும், எனக்குப் போதும்."

வெளியே வந்தபோது மூவருக்கும் பயங்கரப் பசி. இந்தியக் கடைகள் நிறைந்த ஹரிஸ் பார்க்கில் ஒரு கடை வாசலில் நின்று சமோசாவும் ஜிலேபியும் சாப்பிட்டோம். நண்பி வலிக்காத கையால் ஜிலேபியைப் பிரித்தபடி, சர்க்கரைப் பாகைத் துப்பாக்கியில் மட்டும் ஒட்ட வைத்துவிடாதே என்று மனைவியைக் கிண்டல் செய்தாள். துப்பாக்கியைக் கையில் தர அனுமதிச் சீட்டு வேண்டும், அது வர வாரங்கள் ஆயின. அதற்குள் அலமாரி அறையின் சுவரில் இரும்புப் பெட்டகம் ஒன்றை ஆள் வைத்துப் பொருத்தினேன்.

அடுத்த அக்டோபரில் மறுபடியும் பண்ணை. விடியும் நேரம். தண்ணீரிலிருந்து ஆவி எழுந்து வரப்புகளை மறைத்திருந்தது. நண்பி ஒரு பக்கம், மனைவி கொஞ்ச தூரம் தள்ளி. நான் மனைவிக்குப் பின்னால் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். தவளைகள் திடீரென்று நிறுத்தும், திடீரென்று தொடங்கும். கிழக்கே வானம் பால் கலந்த டீயின் நிறத்துக்கு வந்தபோது வாத்துகள் வந்தன. முதலில் சிறகின் விசில், அப்புறம் உருவம்.

நண்பி சுட்டாள். இரண்டு சத்தம், ஒன்றையொன்று ஒட்டி. நான் பக்கெட்டிலிருந்து எழுந்தேவிட்டேன். மனைவியின் தோள்கள் ஒருமுறை இறுகின, பிறகு இறங்கின. அவள் துப்பாக்கியைத் தூக்கவில்லை. ஒரு கூட்டத்தைப் போகவிட்டாள். இன்னொன்றையும் போகவிட்டாள். "கிளுவை இல்லை, வேறை ஏதோ. வடிவாத் தெரியேல்ல," என்று முணுமுணுத்தாள். பிறகு ஒற்றையாய் ஒரு கறுப்பு வாத்து தாழப் பறந்து வந்தது. சிறகுக்கு அடியில் வெள்ளை எனக்கே தெரிந்தது. அவள் எழுந்தாள், அதோடு கூடவே திரும்பினாள், சுட்டாள். பறவை மடிந்து தண்ணீரில் விழுந்தது. விழுந்த பிறகு அசையவில்லை.

அவளே இறங்கிப் போனாள். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். முளைகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்தாள். பனியில் பாதி மறைந்து, அதைத் தூக்கி இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அழுகிறாளோ என்று எழுந்தேன். முகம் தெரியவில்லை. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"இன்னும் சூடா இருக்கப்பா," என்றாள். "நான் செய்ததுதானே. நான்தான் உரிக்கோணும்."

உரித்தாள். வராந்தாவில் உட்கார்ந்து இறகு பிடுங்கும்போது என்னைக் கிட்ட வரவிடவில்லை. மதியம் நண்பியின் சமையலறையில் யாழ்ப்பாணக் கறித்தூள் போட்டுக் குழம்பு வைத்தாள். தூளைச் சிட்னியிலிருந்தே எடுத்து வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. நண்பியின் கணவர் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, மறுபடியும் தட்டை நீட்டினார். மனைவி ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கொண்டு நெடுநேரம் மென்றாள்.

அவளுக்குக் குணமாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. இப்போதும் எதிர்பாராமல் ஏதாவது விழுந்தால் திடுக்கிடுகிறாள். ஆனால் சுவரோடு ஒட்டிக்கொள்வதில்லை. நின்று, என்ன சத்தம் என்று திரும்பிப் பார்க்கிறாள். அதற்கு அடுத்த அக்டோபரில் ஒரு நாள் காலை முழுக்க ஒரு தோட்டாகூடப் போடாமல், துப்பாக்கியை மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு பறவைகளை அடையாளம் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏன் சுடவில்லை என்று கேட்டேன். "இண்டைக்குப் பாக்கத்தான் மனம் வருது," என்றாள். நண்பி தள்ளி நின்று அவள் பங்குக்கும் சேர்த்துச் சுட்டாள்.

சென்ற முறை பண்ணையிலிருந்து கிளம்பி வரும்போது கார் கண்ணாடியை இறக்கிவிட்டு, வெயிலில் கையை வெளியே நீட்டியபடி சொன்னாள், "அடுத்த வருசம் நீங்களும் படியுங்கோவன்."

"எனக்கு எதுக்கு? நான் பக்கெட்ல உக்காந்து வாத்து எண்ணறேன்."

"அதுக்கும் ஆள் வேணும்தான்," என்றாள். பிறகு வழியில் டீ கிடைக்கும் ஊர் எப்போது வரும் என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச தூரம் போகணும் என்றேன்.