இரண்டு முதல் வீடுகள்

மகளின் கலியாணம் சொல்லவேண்டிய வீடுகள் பத்து. எங்கள் பக்கத்தில் வாட்ஸப்பில் அழைத்தால், அழைக்காமல் விட்டதைவிடக் கோபம் வரும். புருஷனும் பெண்சாதியுமாகப் படியேறிச் சொல்லவேண்டும். கிளிநொச்சியில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பிக்கிற எனக்கு வாய் சும்மா கிடக்குமா?

"பத்து வீட்டை முப்பத்தாறு லட்சத்துக்கு மேற்பட்ட விதமா வரிசைப்படுத்தலாம். அதில திறமானதைத் தேடிப் பிடிக்கிறதுதான் கஷ்டம். ஒரு வரிசையைக் கையில தந்தால் பிழை பாக்கிறது சுகம்" என்று மனைவிக்கு வகுப்பெடுத்தேன்.

"அப்ப தேடுறதை நீங்கள் செய்யுங்கோ. பிழை பிடிக்கிறதை நான் செய்யிறன்" என்றாள். எங்கள் வீட்டில் எப்போதும் நடப்பதும் அதுதான்.

போனில் இருக்கிற செயற்கை நுண்ணறிவைக் கேட்டேன். பக்கத்துப் பரந்தன் வீட்டில் தொடங்கினால் பெற்றோல் மிச்சம் என்றது. மனைவி ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, வற்றாப்பளையில அண்ணை இருக்கிறார். தாய்மாமனுக்கு முதல் சொல்லாமல் ஆருக்குச் சொல்லுறது?"

"ஒட்டுசுட்டானில என்ரை அக்கா இருக்கிறா. மூத்தவா. அவாவுக்குத்தான் முதல்."

இது எங்கள் குடும்பத்தில் யாரும் கேள்வி கேட்காத சட்டம். அக்கா கோபித்துக்கொண்டு வராமல் விட்டால்? அக்கா இல்லாத கலியாணத்தை என்னால் நினைக்கவே முடியவில்லை.

இரண்டு நிபந்தனைகளையும் போனுக்கு எழுதினேன். இல்லாத விடையை எந்தப் பெரிய கணினியாலும் தேடிப் பிடிக்க முடியாது. 'முடியாது' என்று சொல்லியிருந்தால் முழுப் புள்ளியும் போட்டிருப்பேன். அதுவோ, 'நிச்சயமாக! இதோ உங்கள் திட்டம்' என்று, முதலாவது வீடு ஒட்டுசுட்டான், முதலாவது வீடு வற்றாப்பளை என இரண்டையும் அடித்துத் தந்தது.

"உங்களிட்டப் படிச்சது போலக் கிடக்கு" என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிரிக்கட்டும். எனக்கு அதிலேயே ஒரு யோசனை பிறந்தது. ஒரே நேரத்தில் இரண்டு வீட்டிலும் சொன்னால் இரண்டும் முதல்தானே! ஞாயிறு காலை அவள் வற்றாப்பளைக்கு பஸ் ஏறினாள். நான் மோட்டார் சைக்கிளில் ஒட்டுசுட்டானுக்குப் போய், முற்றத்தில் நின்றபடியே கலியாணத்தைச் சொன்னேன்.

அக்கா கேற்றடியைப் பார்த்தா. "எங்கையடா மனிசி? ரெண்டு பேருமாயெல்லோ வந்து சொல்லுறது?"

அந்தச் சட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன்; பிழை பிடிக்கிறவளும் அதைப் பிடிக்கவில்லை. வேர்த்து விறுவிறுத்து, முப்பத்தாறு லட்சத்தில் தொடங்கி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

"அட மடையா, என்னை ஒருக்கால் கேட்டிருக்கலாமே. எனக்குக் கடைசியாச் சொல்லு."

"கடைசியாவோ?"

"ஓமடா. முதல் வீட்டில நிண்ட நிலையில ஒரு வாய் தேத்தண்ணி, பிறகு ஓட்டம். கடைசி வீட்டிலதானே ஆறுதலா இருந்து சாப்பிட்டுட்டுப் போவியள். நீ இஞ்ச இருந்து சாப்பிட்டு எவ்வளவு காலம்?"

தலையைச் சொறியக் கையைத் தூக்கினேன். அப்போதுதான் கவனித்தேன், தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது.