மேடைக்குத் தூக்கியவர்கள்

கனடாவின் ஸ்காபரோவில் நடக்க இயலாதவர்களும் பார்வையற்றவர்களும் சனிக்கிழமைகளில் கூடும் இடமொன்றுக்குத் தொண்டராகப் போய்வந்தேன். ஆட்களை வான் வண்டியில் ஏற்றி இறக்குவதும் தேநீர் ஊற்றுவதும் என் வேலை. அக்கா எனக்கு அங்கேதான் பழக்கமானார். முள்ளந்தண்டில் செய்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவருக்குக் கால்கள் இயங்கவில்லை. சீட்டு விளையாட்டில் கூசாமல் கள்ளம் செய்வார்.

ஊர்ச்சங்கம் ஒன்றின் ஆண்டுவிழாவுக்கு எங்களை அழைத்திருந்தார்கள். அக்காவைக் கௌரவித்துச் சால்வை போர்த்த மேடைக்குக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் படிகள் மட்டுமே இருந்தன. கீழேயே இருக்கிறேன் என்று அக்கா சொல்லச் சொல்ல, சங்கத் தலைவர் கைகாட்ட, நான்கு பேர் சக்கர நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். சேலை முழங்காலுக்கு ஏறியது. ஒரு செருப்பு கழன்று விழுந்தது. தலைவர் கமராவைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த கிழமை இலவசப் பத்திரிகையில் அக்காவைத் தூக்கும் படம் வந்தது, வெறுங்காலோடு. அக்கா அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, வீடு வரும்வரை வான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிச் செய்யலாமா என்று நான் தலைவரிடம் போய்க் கேட்டேன்.

"நல்ல காரியத்தில குறை பிடிக்கக் கூடாது, தங்கச்சி," என்றார்.

ஒரு வருடம் அந்த வார்த்தையை நெஞ்சுக்குள் போட்டுக் காய்ச்சினேன். கார் ஓட்டும்போதும் கறி தாளிக்கும்போதும் அவருக்கான பதில்களைத் தயாரித்தேன். அக்காவுக்குச் சால்வை போர்த்த மறுபடி அழைப்பு வந்தபோது போகவேண்டாம் என்றேன்.

"போவம். போகாட்டி அவருக்கு எப்பிடி விளங்கும்?" என்றார் அக்கா. மைக்கைத் தன் வாயருகே பிடித்திருக்க வேண்டும், யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

அன்றும் தூக்க ஆட்கள் வந்தார்கள். அக்கா நாற்காலியின் சில்லுகளைப் பூட்டினார். நான் அறிவிப்பாளரின் மைக்கை வாங்கி நீட்டினேன்.

"நாலு பேர் தூக்கிறது செத்தாப் பிறகுதானே, அண்ணை? நான் இன்னும் சாகேல்லை. நீங்கள் கீழ இறங்கி வாங்கோ."

பின்வரிசைப் பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. மைக்கை எடுக்கும்படி தலைவர் எனக்குச் சைகை காட்டினார். அவர் கண்ணைப் பார்த்தபடி இன்னும் நெருக்கிப் பிடித்தேன்.

இறங்கி வந்தார். போர்த்துவதற்கு நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. அவர் நிமிரப் போகும்போதெல்லாம் அக்கா மறித்தார். "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, படம் வடிவா வரட்டும்." படப்பிடிப்பாளரை மீண்டும் மீண்டும் எடுக்கச் சொன்னார். தலைவரின் நெற்றியில் வியர்வை வழிந்தது. நான் ஆசை தீரப் பார்த்தேன்.

அடுத்த வருடம் மேடைக்குச் சாய்தளம் போட்டார்களாம். எங்களை அழைக்கவில்லை.

பிறகொருநாள் தமிழ்க்கடையில் தலைவரின் மனைவி என்னை மறித்து, வயதுபோன மனுசனைச் சபையில் அப்படிச் செய்யலாமா என்று கேட்டார்.

"ஓம் அன்ரி, செய்யலாம்," என்றேன். அவர் சாமான் வண்டிலைத் திருப்பிக்கொண்டு போனார். நான் ஆறுதலாக நின்று பிஞ்சு வெண்டிக்காய்களாகப் பார்த்துப் பொறுக்கினேன்.